வெப்பத்தின் வரவும் செலவும்

அண்மையில் உங்கள் இல்லத்திற்கு வந்த திருமண அழைப்பிதழ்களுள் அழகான ஒன்றை எடுத்துப் பாருங்கள். அதன் முகப்பில் மாவிலைத் தோரணமோ, மயிலோ, யானையோ காகிதத்திலேயே நுணுக்கமாக வெட்டப்பட்டிருக்கும். இலையின் நரம்பும் தோகையின் கண்ணும் தெரியும்படி அமைந்த அவ்வேலை, கத்தியால் செய்யப்பட்டதன்று, ஒளியால் செய்யப்பட்டது. வீட்டு வாயிலில் தொங்கும் மரப் பெயர்ப்பலகை, பள்ளி விழாக்களில் வழங்கும் கேடயம், கடைகளின் அக்ரிலிக் எழுத்து ஆகிய யாவற்றையும் இன்று சிற்றூர்களில்கூட லேசர் எந்திரம் வெட்டித் தருகிறது.

இந்த எந்திரத்தை நடத்துவோர் கோடைக்காலத்தில் அடிக்கடி சந்திக்கும் தொல்லை ஒன்றைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். எந்திரத்தைக் குளிர்விக்கும் தண்ணீர் தானே சூடேறிவிடுவதுதான் அத்தொல்லை. அது ஏன் நேர்கிறது, காரணத்தைக் கண்டுபிடிப்பது எவ்வாறு என்பவற்றை முறையாகச் சொல்ல முயல்கிறேன். இதைச் சொல்வதில் எனக்கு ஒரு கடமையும் உண்டு. இந்தத் தொல்லைக்கு நான் ஒருமுறை தவறான மருந்து சொன்னேன். அதன் நட்டத்தை என் மாணவன் ஒருவன் ஏற்க நேர்ந்தது.

முதலில் எந்திரத்தின் உள்ளமைப்பைப் பார்ப்போம். உலகின் முதல் லேசர் 1960ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவில் தியோடர் மெய்மன் என்பவரால் இயக்கப்பட்டது. அது மாணிக்கக் கல்லிலிருந்து பிறந்த சிவப்பு ஒளி. நாம் பேசுகிற வெட்டும் எந்திரத்தில் இருப்பது கரியமில வாயு லேசர். அதனை 1964இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டறிந்தவர் குமார் படேல். அவர் நம் நாட்டில், மகாராட்டிர மாநிலத்துப் பாராமதியில் 1938இல் பிறந்தவர் என்பது நாம் நினைவிற் கொள்ளத்தக்கது. இந்த லேசரின் ஒளி 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம் உடையது, கண்ணுக்குப் புலப்படாதது. மரமும் காகிதமும் அக்ரிலிக்கும் அதனை விழுங்கிச் சூடேறி வெட்டுப்படுகின்றன.

சிறு கடைகளில் உள்ள எந்திரத்தில் இந்த ஒளி ஒரு நீண்ட கண்ணாடிக் குழாயில் பிறக்கிறது. தொழில் செய்வோர் அதனை டியூப் என்றே வழங்குவர். அது ஒன்றனுள் ஒன்றாக மூன்று சுவர்கள் உடையது. நடுக்குழாயில் மின்சாரம் பாய்கிறது. அதைச் சுற்றியுள்ள உறையில் தண்ணீர் ஓடுகிறது. வெளிச்சுவருக்குள் கரியமில வாயு, நைட்ரஜன், ஹீலியம் ஆகியவை கலந்த வாயு சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. இரு முனைகளிலும் ஆடிகள் உண்டு. ஒரு முனையிலுள்ள ஆடியின் வழியே ஒளிக்கற்றை வெளியேறுகிறது.

இனி வெப்பத்தின் வரவுக் கணக்கைப் பார்ப்போம். 80 வாட் ஒளி தரும் டியூப் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதனுள் ஏறத்தாழ 18,000 வோல்ட் அழுத்தத்தில் 28 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் செல்கிறது. இரண்டையும் பெருக்கினால் ஏறக்குறைய 500 வாட். இதில் ஒளியாக வெளிவருவது 80 வாட். எஞ்சிய 420 வாட்டும் வெப்பமே. ஐந்து ரூபாய் கொடுத்து ஒரு ரூபாய்க்கும் குறைவாகச் சரக்கு வாங்குவது போன்ற வாணிபம் இது. மிச்சமுள்ள வெப்பம் அத்தனையையும் தண்ணீர்தான் சுமந்து செல்ல வேண்டும்.

சுமந்து செல்லாவிடில் என்ன நேரும்? மின்சாரத்தால் தூண்டப்பட்ட நைட்ரஜன் தன் ஆற்றலைக் கரியமில வாயுவுக்கு அளிக்கிறது. கரியமில வாயுவின் மூலக்கூறு உயர்ந்த நிலையிலிருந்து தாழ்ந்த நிலைக்கு இறங்கும்போது ஒளி பிறக்கிறது. வாயு சூடேறினால் அந்தத் தாழ்ந்த நிலை வெப்பத்தினாலேயே நிரம்பத் தொடங்கிவிடும். குளத்தின் கீழ்ப்படியில் கூட்டம் நெருங்கி நின்றால் மேற்படியில் இருப்பவர் இறங்க வழியில்லை அன்றோ? அதுபோல ஒளி குறைகிறது. வெட்ட வேண்டிய பலகை பாதி வெட்டுடன் நிற்கிறது. கடைக்காரர் மின்னோட்டத்தைக் கூட்டுகிறார். வெப்பம் மேலும் கூடுகிறது. முடிவில் டியூபின் ஆயுள் குறைகிறது. சில வேளைகளில் கண்ணாடியே விரிசல் விடுகிறது. ஆகவேதான் தண்ணீர் 15 முதல் 25 டிகிரி வரை இருப்பது நல்லது என்றும், 30 டிகிரியைத் தாண்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டும் என்றும் தொழிலறிந்தோர் சொல்வர்.

என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் நாகப்பட்டினத்தில் இத்தகைய கடை ஒன்று வைத்திருக்கிறான். வங்கியில் கடன் பெற்று 80 வாட் எந்திரம் ஒன்றை வாங்கினான். குளிர்விக்கும் கருவிக்குப் பணம் போதாமையால், 20 லிட்டர் வாளி ஒன்றில் தண்ணீர் ஊற்றி, அதனுள் சிறு பம்பு ஒன்றை அமிழ்த்தி வேலையைத் தொடங்கினான். மார்கழியிலும் தையிலும் குறையொன்றும் இல்லை. 2022ஆம் ஆண்டு மே மாதம், திருமண வேலைகள் குவிந்திருந்த வேளையில், ஒரு மணி நேரம் ஓட்டினாலே தண்ணீர் வெந்நீர் ஆகிறது என்று என்னிடம் வந்து சொன்னான்.

அதில் வியப்பில்லை. ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி உயர்த்த ஏறத்தாழ 4,186 ஜூல் வெப்பம் வேண்டும். 420 வாட் என்பது நொடிக்கு 420 ஜூல். இக்கணக்கின்படி, இடைவிடாமல் முழு ஆற்றலில் ஓட்டினால் 20 லிட்டர் தண்ணீர் மணிக்கு 18 டிகிரி சூடேறும். அமிழ்ந்திருக்கும் பம்பும் தன் பங்குக்குச் சிறிது வெப்பத்தைச் சேர்க்கும். வாளி வெப்பத்தைச் சேமித்து வைக்குமேயன்றி வெளியேற்றுவதில் மிகவும் மந்தமானது.

கணக்கு இவ்வளவு தெளிவாக இருந்தும், நான் சிறிதும் சிந்தியாமல், "பனிக்கட்டி வாங்கிப் போடு, தம்பி" என்று சொல்லிவிட்டேன். அவனும் மீன் வியாபாரிகளுக்குப் பனிக்கட்டி விற்கும் இடத்திலிருந்து வாங்கி வந்து வாளியில் இட்டான். தண்ணீர் 15 டிகிரிக்கு இறங்கியது. மூன்று நாள் மகிழ்ச்சியாக வேலை செய்தான். நான்காம் நாள் ஒளி பாதியாகக் குறைந்துவிட்டது. மறுநாள் என்னைத் தேடி வந்து, "ஐயா, டியூப் வேர்த்துப் போயிருக்கிறது. ஒளி வருகிற முனையில் ஆடி கருகிவிட்டது" என்றான்.

வேர்த்துப் போயிருக்கிறது என்ற சொல்லைக் கேட்டதும் என் தவறு எனக்கு விளங்கிவிட்டது.

பள்ளியில் ஆண்டுதோறும் நான் மாணவர்களுக்குச் செய்து காட்டிய சோதனை ஒன்று உண்டு. பளபளக்கும் உலோகக் குவளையில் தண்ணீர் ஊற்றி, அதில் ஒரு வெப்பமானியை வைத்து, பனிக்கட்டியைச் சிறிது சிறிதாக இட்டுக் கலக்குவோம். ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையில் குவளையின் வெளிப்புறம் மங்கும். மெல்லிய நீர்த்திவலைகள் படியும். காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் நீராக மாறும் அந்த வெப்பநிலையைப் பனிநிலை என்கிறோம். இந்த மாணவனே தன் கையால் குவளையைப் பிடித்து அதைச் செய்தவன். பாடமாக நடத்திய எனக்கு, அறிவுரை சொல்லும் நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

கடற்கரையோரக் கோடையில் அறையின் வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் நூற்றுக்கு 75 என்று வைத்துக்கொண்டால், பனிநிலை ஏறத்தாழ 27 டிகிரி. தண்ணீர் 15 டிகிரியில் ஓடினால் டியூபின் மேல் திவலை அரும்பாமல் என்ன செய்யும்? ஆடியின் மேல் ஈரம் படிந்தது. அந்த ஈரத்தில் காகிதத் தூசியும் புகையும் ஒட்டின. கண்ணுக்குப் புலப்படாத ஒளிக்கற்றை அந்த அழுக்கைச் சுட்டு, ஆடியின் மேற்பூச்சையும் சுட்டது. உயர் அழுத்த மின்கம்பி சேரும் முனையில் ஈரம் படிந்திருந்தால் மின்பொறி பறந்து மனிதனுக்கே ஆபத்து நேர்ந்திருக்கக்கூடும். அன்றியும், சூடேறிய கண்ணாடியினுள் பனிநீரைத் திடீரெனப் பாய்ச்சுவது கண்ணாடியைப் பிளந்துவிடவும் வல்லது.

புதிய டியூபுக்கு அவன் மீண்டும் கடன் வாங்கினான். என்னை ஒரு சொல்லும் குறை கூறவில்லை. அதுவே எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தந்தது. அளந்து பாராமல் இனி யாருக்கும் மருந்து சொல்வதில்லை என்று அன்று முடிவு செய்தேன்.

அடுத்த ஆண்டு அவன் பழைய சில்லர் ஒன்றை வாங்கினான். இந்த இடத்தில் சில்லரின் வகைகளைச் சொல்லிவிட வேண்டும். ஒரு வகையில் கம்ப்ரசர் இராது. உள்ளே மெல்லிய தகடுகள் கொண்ட ரேடியேட்டரும் விசிறியும் மட்டுமே இருக்கும். அது தண்ணீரை அறையின் வெப்பத்துக்குக் கீழே ஒருபோதும் குளிர்விக்க இயலாது. தண்ணீர் அறையைவிட ஒரு டிகிரி சூடாக இருந்தால் 50 வாட் வெப்பத்தை வெளியேற்றும் திறனுடைய கருவி ஒன்று சிறு கடைகளில் பரவலாக இருக்கிறது. 420 வாட்டை வெளியேற்ற வேண்டுமானால் தண்ணீர் அறையைவிட 8 டிகிரிக்கு மேல் சூடாக இருந்தாக வேண்டும். அறை 38 டிகிரி என்றால் தண்ணீர் 46 டிகிரி. அக்கருவி பழுதின்றி இயங்கும்போதே நிலைமை இது! பழுதென்று எண்ணி அதைக் கழற்றிப் பார்ப்பதில் பயனில்லை. நம் ஊர்க் கோடையில் இந்த வேலைக்கு அது ஏற்றதன்று. மற்றொரு வகையில், குளிர்பதனப் பெட்டியில் இருப்பது போன்ற கம்ப்ரசர் உண்டு. அதுவே அறையின் வெப்பத்துக்குக் கீழேயும் தண்ணீரைக் கொண்டு செல்ல வல்லது. என் மாணவன் வாங்கியது இந்த இரண்டாம் வகை.

2023ஆம் ஆண்டு மே மாதத்தில் அதுவும் ஓலமிடத் தொடங்கியது. நாற்பது நிமிட வேலைக்குள் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்ட, எச்சரிக்கை மணி அடிக்கும், எந்திரம் நின்றுவிடும். சில்லரைப் பார்த்த பழுது பார்ப்பவர் ஒருவர், "உள்ளே கேஸ் குறைந்துவிட்டது, புதிதாக ஏற்ற வேண்டும்" என்றார். மற்றொருவர், "டியூப் கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும்" என்றார். இருவரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. இன்னொருவர், எச்சரிக்கைக் கம்பியைத் துண்டித்துவிட்டால் மணி அடிக்காது என்று யோசனை சொன்னாராம். காவற்காரனை உறங்கச் சொல்லிவிட்டால் திருடன் வாராதிருப்பானா? அவ்வாறு மட்டும் எவரும் செய்யலாகாது. கையில் ஒப்புக்கொண்ட வேலை. வேலைக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டு கடன்களின் தவணை. இந்த நிலையில் அவன் மீண்டும் என்னிடம் வந்தான். இம்முறை நான் அறிவுரை சொல்லவில்லை. வெப்பமானி இரண்டும், ஒரு லிட்டர் அளவுப் பாத்திரமும், நொடிமுள் உள்ள கைக்கடிகாரமும் எடுத்துக்கொண்டு அவனுடன் சென்றேன்.

வெப்பம் போகும் வழி ஒரே வழி. டியூபிலிருந்து தண்ணீருக்கு; தண்ணீரிலிருந்து சில்லருக்கு; சில்லரிலிருந்து காற்றுக்கு. இந்த மூன்று கட்டங்களில் எங்கோ ஒன்றில் வழி அடைபட்டிருக்கிறது. எந்தக் கட்டம் என்பதை அளவே சொல்லும். சோதிக்கும் முறையை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், காட்டப்படும் எண் உண்மைதானா என்று பார்க்க வேண்டும். சில்லரின் தொட்டியில் நம் வெப்பமானியை வைத்து, கருவியின் முகப்பில் தெரியும் எண்ணோடு ஒப்பிட வேண்டும். இரண்டும் பெரிதும் வேறுபட்டால், சூடேறியிருப்பது தண்ணீரன்று. பழுதாகியிருப்பது கருவியின் உணர்முனை. சில வகைக் கருவிகளில் முகப்பில் இ-1 என்று தோன்றினால் அறையின் வெப்பம் மிகுதி என்றும், இ-2 என்று தோன்றினால் தண்ணீரின் வெப்பம் மிகுதி என்றும் பொருள். கருவிக்குக் கருவி இது மாறும். உடன் வந்த கையேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும். எங்கள் சோதனையில் இரண்டு எண்களும் ஒத்திருந்தன. ஆகவே சூடு உண்மையே.

இரண்டாவதாக, தண்ணீர் போதிய அளவு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். லேசர் ஒளியை நிறுத்தி, எந்திரத்தின் மின்னிணைப்பை முற்றிலும் எடுத்துவிட்டு, சில்லரை மட்டும் இயக்க வேண்டும். டியூபிலிருந்து திரும்பி வரும் ரப்பர் குழாயைச் சில்லரில் கழற்றி, அதன் வாயை அளவுப் பாத்திரத்தில் பிடித்து, ஒரு லிட்டர் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று கணக்கிட வேண்டும். தொட்டி வற்றிப் பம்பு வெறுமனே ஓடாதபடி பார்த்துக்கொள்வது முக்கியம். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓடினால் ஒரு லிட்டர் நிரம்ப 30 நொடி ஆகும். எங்கள் பாத்திரம் நிரம்ப 110 நொடி ஆயிற்று! அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டருக்குச் சற்று மேல்.

மூன்றாவதாக, டியூபுக்குள் செல்லும் தண்ணீருக்கும் வெளிவரும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டை அறிய வேண்டும். சில்லரின் இரண்டு குழாய் வாய்களிலும் வெப்பமானிகளைச் சேர்த்துக் கட்டி, துணியால் நன்றாகச் சுற்றி, எந்திரத்தை முழு ஆற்றலில் சில நிமிடம் ஓட்டிப் பார்க்க வேண்டும். 420 வாட் வெப்பத்தை நிமிடத்துக்கு 2 லிட்டர் தண்ணீர் சுமந்தால், வேறுபாடு 3 டிகிரி. ஓட்டம் குறையக் குறைய வேறுபாடு கூடும். எங்களுக்குக் கிடைத்த வேறுபாடு 11 டிகிரி. குறைந்த ஓட்டத்துக்குக் கணக்கிட்டுப் பார்த்தபோது வரவேண்டிய எண்ணும் அதுவே. கணக்கும் அளவும் ஒத்துப்போன அந்த நொடியில், வகுப்பறையில் விடை சரியாக வந்த சிறுவனின் மகிழ்ச்சி எனக்கு உண்டாயிற்று.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. சில்லரின் முகப்பு தன் தொட்டியிலுள்ள தண்ணீரின் வெப்பத்தையே காட்டும். ஓட்டம் குறைந்திருந்தால், தொட்டி குளிர்ச்சியாக இருக்கும்போதே டியூபின் மறுமுனை வெந்துகொண்டிருக்கலாம். ஆகவே முகப்பின் எண்ணை மட்டும் நம்பி இருத்தல் கூடாது.

ஓட்டம் குறைவதற்குரிய காரணங்கள் சிலவே. குழாய் மடங்கியிருத்தல், வடிகட்டி அடைத்திருத்தல், தொட்டியில் நீர்மட்டம் குறைந்திருத்தல், பம்பின் சுழலியில் அழுக்குச் சேர்தல், டியூபின் உறையில் காற்றுக் குமிழி தங்கியிருத்தல். குமிழி தங்கிய இடத்தில் கண்ணாடியைத் தண்ணீர் தொடாது. அவ்விடம் மட்டும் கடுஞ்சூடு கொண்டு பிளந்துவிடும். தண்ணீர் வெளியேறும் வாய் மேல்நோக்கி இருக்குமாறு டியூபை அமைத்திருந்தால் குமிழி தானே வெளியேறிவிடும். எங்கள் எந்திரத்தைச் சுவரோடு ஒட்டித் தள்ளியிருந்தபடியால், பின்புறம் குழாய் மடங்கி நசுங்கியிருந்தது. வடிகட்டியில் பச்சை வழுவழுப்பாகப் பாசி சேர்ந்திருந்தது. குழாயை நேராக்கி, வடிகட்டியைக் கழுவி மீண்டும் அளந்தோம். ஒரு லிட்டர் 31 நொடியில் நிரம்பியது. வேறுபாடு 3 டிகிரி.

தொல்லை தீர்ந்தது என்று எண்ணி மகிழ்ந்தோம். ஆனால் பிற்பகலில் மீண்டும் மணி அடித்தது. தொட்டித் தண்ணீர் 31 டிகிரி. இங்கேதான் அளந்ததன் பயன் தெரிந்தது. டியூபிலிருந்து வெப்பம் தண்ணீருக்கு ஒழுங்காக வருகிறது என்பதை வேறுபாடு காட்டிவிட்டது. ஆகவே அடைப்பு இனி முதற்கட்டத்தில் இல்லை. சில்லரிலிருந்து காற்றுக்குப் போகும் கட்டத்தில் இருக்கிறது. நோய் ஒன்றன்று, இரண்டு. முதலாவதை நீக்கியபின் இரண்டாவது தன்னைக் காட்டிக்கொண்டது.

நான்காவதாக, சில்லரைச் சுற்றியுள்ள காற்றைப் பார்த்தோம். மேசையின் அடியில், ஒரு பக்கம் சுவரும் மறுபக்கம் அக்ரிலிக் பலகைகளும் நெருக்க, அதனை வைத்திருந்தார்கள். அது வெளியிட்ட வெப்பக் காற்று போக வழியின்றித் திரும்பத் திரும்ப அதனுள்ளேயே சென்றது. அறையின் வெப்பம் 35 டிகிரி. மேசையடியில் 43 டிகிரி. பக்கவாட்டுத் தூசிவலையைக் கழற்றினால், காகிதச் சாம்பலும் மரத்தூளும் கம்பளி போல் படிந்திருந்தன. அதற்குப் பின்னால் கண்டென்சரின் மெல்லிய தகடுகளும் அவ்வாறே.

மின்சாரத்தை நிறுத்தி, மென்மையான தூரிகையால், தகடுகள் வளையாதபடி துடைத்தோம். சில்லரை வெளியே எடுத்து, கொல்லைத் தாழ்வாரத்தில் வெயிலும் மழையும் படாத இடத்தில், சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி வைத்து, சுவரில் துளையிட்டுக் குழாய்களைக் கொண்டு சென்றோம். அன்று மாலை இரண்டு மணி நேரம் இடைவிடாது ஓடிய பின்னும் நாங்கள் குறித்து வைத்த வெப்பத்தைத் தண்ணீர் தாண்டவில்லை. கேஸ் ஏற்றவில்லை, டியூப் மாற்றவில்லை. செலவு, சுவரில் துளையிட்ட கூலியும் நான்கு முழம் குழாயும்தான்.

இவ்வளவுக்குப் பின்னும் தண்ணீர் சூடேறினால், ஐந்தாவதாக மின்னழுத்தத்தைப் பார்க்க வேண்டும். மாலை வேளையில் மின்னழுத்தம் தாழும் ஊர்களில், விசிறி சுழலும். ஆனால் கம்ப்ரசர் உறுமிவிட்டு நின்றுவிடும். விசிறியின் ஓசையைக் கேட்டுச் சில்லர் வேலை செய்கிறது என்று நாம் ஏமாறக்கூடும். மின்பணியாளரைக் கொண்டு அளக்கச் செய்வதே தக்கது. கம்ப்ரசர் ஓடியும் குளிர்ச்சி இல்லையெனில், அப்போதுதான் கேஸ் கசிவைப் பற்றி எண்ண வேண்டும். அது பயிற்சி பெற்றவர் செய்ய வேண்டிய வேலை. கருவியின் திறனே டியூபின் வெப்பத்துக்குப் போதாது என்றால் எத்தனை பழுது பார்த்தும் பயனில்லை.

இனி, தண்ணீரை எத்தனை டிகிரியில் நிறுத்துவது? சென்ற ஆண்டு நான் செய்த பிழை இவ்விடத்தில்தான். அன்று பிற்பகல் கடையில் இருந்த எவர்சில்வர் குவளையை வாங்கி, பழைய சோதனையை மீண்டும் செய்தேன். 26 டிகிரியில் குவளை மங்கியது. ஆதலின் சில்லரை 28 டிகிரியில் நிறுத்தினோம். விரும்பத்தக்க 25 டிகிரியைவிட இது சற்று மிகுதியே; ஆயினும் வேர்வையும் இல்லை, மணி அடிக்கும் எல்லைக்கும் கீழே. பின்னர் ஓராண்டு கழித்து அவன் எந்திர அறைக்கு ஏ.சி. வைத்தான். அறை 27 டிகிரியும் ஈரப்பதம் நூற்றுக்கு 60ம் ஆனால் பனிநிலை ஏறத்தாழ 19 டிகிரிக்கு இறங்கிவிடும். தண்ணீரை அச்சமின்றி 22 டிகிரியில் ஓட்டலாம். சில்லர் மட்டும் தாழ்வாரத்திலேயே இருக்கிறது. ஏ.சி. அறைக்குள் அதை வைத்தால், ஒன்று வெளியேற்றும் வெப்பத்தை மற்றொன்று சுமக்க நேரும்.

தண்ணீரின் தன்மையைப் பற்றியும் சில சொற்கள் சொல்ல வேண்டும். ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றலாகாது. அதிலுள்ள உப்புகள் உறையில் படிந்து வெப்பத்தைத் தடுக்கும்; உப்புநீர் மின்சாரத்தையும் கடத்தும். வாலை வடித்த நீரையே பயன்படுத்தி, மாதத்துக்கு ஒருமுறை பார்த்து, கலங்கினாலோ பாசி தோன்றினாலோ மாற்றிவிட வேண்டும். குழாயில் வெயில் விழாமல் இருந்தால் பாசியும் குறையும். தூசிவலையை வாரந்தோறும் தட்டிச் சுத்தம் செய்யலாம்.

எச்சரிக்கை ஒன்று. எந்திரத்தின் மூடியைத் திறந்து டியூபின் அருகே கை கொண்டு செல்லுமுன், மின்னிணைப்பைப் பிடுங்கிவிட வேண்டும். மின்சாரம் நின்ற பின்னும் உயர் அழுத்தப் பகுதியில் மின்னேற்றம் தங்கியிருக்கலாம். முறை அறிந்தவரே அதைத் தொடலாம். கண்ணுக்குத் தெரியாத ஒளி கண்ணைக் கெடுக்கும் என்பதையும் மறவாதீர்கள்.

நேயர்களே, அன்று நாங்கள் அளந்த எண்களை என் மாணவன் ஒரு குறிப்பேட்டில் எழுதி எந்திரத்தின் பக்கத்தில் தொங்கவிட்டிருக்கிறான். லிட்டருக்கு இத்தனை நொடி, வேறுபாடு இத்தனை டிகிரி, சில்லரின் அருகே காற்று இத்தனை டிகிரி என்று மாதந்தோறும் எழுதி வருகிறான். எந்திரம் நலமாக இருக்கும்போது எடுத்த அளவுகளே, அது நோயுறும்போது நமக்கு வழிகாட்டுகின்றன. அவன் கடையில் ஓர் எவர்சில்வர் குவளையும் வெப்பமானியும் எப்போதும் இருக்கின்றன. வேலை கற்றுக்கொள்ள வரும் பிள்ளைகளுக்கு முதல் நாளில் அவன் செய்து காட்டுவது, குவளை மங்கும் அந்தச் சோதனைதான். சென்ற முறை நான் அங்குப் போயிருந்தபோது, புதிதாகச் சேர்ந்த பிள்ளை ஒருவன் என்னிடமே அதை விளக்கிச் சொன்னான். நான் முன்பே அறியாதவன் போல் முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.